இல்லாத கிளட்ச்

டிப்போவில் அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தால் சின்னக் காது, அதில் பொட்டு அளவுக்கு ஒரு தோடு. பெயர் வந்த கதை வேறு. பஸ்ஸை அவள் காதால் ஓட்டினாள். எஞ்சின் எந்தச் சுருதிக்கு இறங்கினால் மூன்றாம் கியரை விட்டு இரண்டுக்கு வர வேண்டும், எந்த இழுப்பு வந்தால் ஏற்றம் முடியப்போகிறது என்பதையெல்லாம் அவள் எந்த மீட்டர் முள்ளையும் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. ஏதாவது வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக்குகளே ஆள் அனுப்பி அவளை வரச்சொல்வார்கள். இவளும் போய், இடுப்பில் கையை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி நின்றுவிட்டு, "பெல்ட்டு" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அன்றைக்கு முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது. தற்பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லையென்று யார் சொன்னது? சரக்கு இருக்கிறவள் பேசிவிட்டுப் போகட்டுமே.

அவள் ஓட்டியது ஆஸ்பத்திரி பஸ். கடைத்தெருவில் புறப்பட்டு, வளைந்து வளைந்து ஏறி, மேட்டு உச்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். நர்சுகள், மருந்துச் சீட்டும் கையுமாக வருகிறவர்கள், உள்ளே படுத்திருக்கும் சொந்தத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் என்று எள் போட இடமிருக்காது. ஏற்றத்தில் அந்த டீசல் வண்டி போடுகிற சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரரோடுகூடப் பேச முடியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. வண்டிக்கும் தனக்கும் நடுவே நடக்கிற பேச்சில் வேறு யாரும் வாயைக் கொடுக்கக்கூடாது என்பது அவள் எண்ணம். அவளுடைய கண்டக்டருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் திறந்த வாய் சாயங்காலம்தான் மூடும். ஏற்றம் வந்தால் அவன் வாயும் தானாக அடைந்துவிடும். அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கணவர் அதே டிப்போவின் பின்பக்கம் சீட் தைக்கிறவர். கிழிந்த பஸ் சீட்டுகளைப் பிரித்து, பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டு, புதிதாக ரெக்சின் போட்டுத் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம். பேசுகிறதுக்கு ஒருத்தி, கேட்கிறதுக்கு ஒருத்தர் என்று அந்த வீடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் அவர் பட்டறைச் சுவரை ஒட்டித்தான் அவள் போவாள். எஞ்சின் சத்தத்தில் பட்டறையின் தகரக் கதவு அதிரும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்து, டீசல் வண்டிகள் எல்லாம் போகப்போகின்றன, கரண்ட் வண்டிகள் வரப்போகின்றன என்று சொன்னார். டிரைவர்களுக்குப் பயிற்சி உண்டு, அதற்கப்புறம் ஆளுக்கு மூன்று தடவை சோதனை ஓட்டம். மூன்றிலும் தவறினால் வேலை போகாது, ஆனால் சீட்டை விட்டு இறங்க வேண்டும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கலாம். யார் யாரோ முகம் வெளிறி நின்றார்கள். காதுக்காரி சிரித்துவிட்டாள். நான் ஓட்டாத வண்டியா, அது கரண்ட்டில் ஓடினால் என்ன, காற்றில் ஓடினால் என்ன என்று அன்றைக்குக் கேண்டீனில் அவள் அடித்த சவடாலை ரேடியோ ஊரெல்லாம் ஒலிபரப்பினான்.

புது வண்டி வந்த நாளில் அவள் டிப்போ முற்றத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்து வாயைப் பிளந்தார்கள். என்னடா என்று திரும்பினாள். ஒரு சாண் தள்ளி, சுவர் மாதிரி ஒரு பஸ்ஸின் முகம் நின்றுகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரம் வரைக்கும் அத்தனை டன் இரும்பு உருண்டு வந்திருக்கிறது, அவள் காதில் ஒரு பொட்டுச் சத்தம் விழவில்லை! டீ கையில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அடி ஆத்தி, இது என்ன பிறவி என்று பிரமித்து நின்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. இதை எதைக் கேட்டு ஓட்டுவது?

பயிற்சி கொடுக்க ஒரு மாஸ்டர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். அவரும் ஒரு காலத்தில் டீசல் பஸ் ஓட்டியவர்தான். கரண்ட் வண்டிக்கு மாறி ரொம்ப வருஷமாகிவிட்டது. அவர் அவளை சீட்டில் உட்காரவைத்து ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் ஆகட்டும் என்று காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கண்ணாடி வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர்தான், வண்டி எப்போதோ ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இவ்வளவு பெரிய உடம்புக்குள் உயிர் ஓடுகிறது, வெளியே மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

காதுக்கு வேலை இல்லை என்று ஆன பிறகு, தகராறு காலில் வந்து சேர்ந்தது. டீசல் பஸ்ஸில் காலுக்குக் கீழே மூன்று பெடல்: இடது காலுக்குக் கிளட்ச், வலது காலுக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும். நிறுத்த வேண்டும் என்றால் வலது கால் பிரேக்கை அழுத்தும்போதே இடது கால் கிளட்சை அடிமட்டம்வரை மிதித்தாக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். புது வண்டியில் கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். பிரேக் மட்டும் நல்ல அகலம். அதன் ஓரம் பழைய கிளட்ச் இருந்த பக்கமாக நீண்டிருக்கும். மாஸ்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, முடிவாக ஒன்று சொன்னார்.

"இடது காலை மறந்துடுங்க. அப்படி ஒரு கால் இல்லவே இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

சொல்வது சுலபம். பயிற்சி நாட்களில் முற்றத்துக்குள் மெதுவாகச் சுற்றும்போது எப்படியோ சமாளித்தாள். முதல் சோதனைக்குச் சீட்டுகளில் மணல் மூட்டை ஏற்றித் தெருவுக்கு அனுப்பினார்கள். புறப்பட்ட வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. சந்தியில் சிவப்பு விளக்கு. வலது கால் பிரேக்குக்குப் போனது. யாரும் கூப்பிடாமலே இடது காலும் கிளம்பிப் போய், கிளட்ச் என்று நினைத்து, பிரேக்கின் ஓரத்தை அடிமட்டம்வரை ஒரே மிதி. பஸ் சுவரில் மோதினதுபோல நின்றது. மூட்டைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து, ஒன்று வெடித்து, மணல் சீட்டுகளுக்கு நடுவே ஓடிவந்து அவள் செருப்பைத் தொட்டது. மாஸ்டரின் கண்ணாடியை டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார்கள்.

இரண்டாவது சோதனையில் டிப்போ ஆட்களையே பயணிகளாக உட்காரவைப்பது அங்கே வழக்கம். ரேடியோ தானாக முன்வந்து முதல் சீட்டில் உட்கார்ந்தான். இந்த முறை அவள் ரொம்ப ஜாக்கிரதை. மறக்கணும், மறக்கணும், இடது கால் இல்லை, இடது கால் இல்லை என்று உதடு அசையச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். எதை இல்லை இல்லை என்று அவ்வளவு நேரம் சொன்னாளோ, அதுதான் முதல் நாய் குறுக்கே வந்ததும் துள்ளி எழுந்து தன் வேலையைச் செய்தது. ரேடியோவின் மூக்கு முன்கம்பியில் போய் உட்கார்ந்தது. சட்டையெல்லாம் ரத்தம். பாவம், அவன் அவளைத் திட்டக்கூட இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லக்கா, பரவாயில்லக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதுதான் அவளை உடைத்துப்போட்டது. டிப்போவின் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம் ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்டோர் ரூமில் நல்ல ஃபேன் இருக்கிறது என்று ஒருவர். வெயிலில் போக வேண்டாம், மழையில் போக வேண்டாம் என்று இன்னொருவர். முதுகுவலிக்கு நல்லது என்று மேனேஜர். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் ஆஸ்பத்திரி ஏற்றத்திலேயே வைக்கப்போகிறார்கள். அது போனால், இருக்கிற காலம் முழுக்க அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்காத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இடது கால் செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இந்தக் காலை வெட்டித்தான் போடணும், எனக்குத் துரோகம் செய்ய இந்தக் கால்தான் கிடைத்ததா என்று தொடங்கி ஒரு பாட்டம் தீர்த்தாள். கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் வாயைத் திறந்தார்.

"அது தூக்கத்துல கூட மிதிக்குதே, டிரைவரம்மா. என் கணுக்கால்தான் கிளட்ச்."

"என்னது?"

"ஆமா. ரொம்ப நாளா. நான் காலை நகர்த்திக்கிட்டா மெத்தையை மிதிச்சிட்டு நிம்மதியா தூங்கிடற. நானும் ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, இத்தனை வருஷம் மிதி வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாத மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் கணுக்காலைப் பார்த்தாள். நிஜமாகவே லேசாகக் கன்றித்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் சொன்னதன் பின்பாதி அவளுக்கு உறைத்தது. மெத்தையை மிதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறாள். அப்படியானால் இந்தக் கால் கிளட்சையா கேட்கிறது? மிதிக்க ஏதோ ஒன்று கொடு என்றுதானே கேட்கிறது? இத்தனை நாளும் அதை இல்லை என்று சொல்லி விரட்டியதுதான் தப்போ என்னவோ. சாப்பிட்ட கை காய, அவள் தன் இடது பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடவே இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் அவர் பட்டறையில் ஒரு பலகைத் துண்டை அறுத்து, மேலே ஸ்பாஞ்ச் வைத்து, நீல ரெக்சினால் மூடித் தைத்துக்கொடுத்தார். வீட்டு நாற்காலிக்கு முன்னால் அதைப் போட்டு, ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டினாள். அவர் அடுப்படியிலிருந்து நினைத்த நேரத்துக்கு "ஸ்டாப்பு" என்பார். வலது கால் தரையில் ஓரிடத்தை அழுத்தும். இடது கால் பலகையை மிதிக்கும். யாராவது ஜன்னல் வழியே பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அப்புறம் மாஸ்டர் கூடுதல் பயிற்சிக்கு அனுமதி கொடுத்த நாட்களில் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய், புது வண்டியில், கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டாள். ஆச்சரியம், கால் அங்கே போனது! பிரேக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லாத கிளட்சை மிதித்து, இல்லாத கியர் விழுந்த திருப்தியோடு திரும்பி வந்தது. ஒரு காலுக்குள் இவ்வளவு பிடிவாதமும் இவ்வளவு சாதுத்தனமும் ஒன்றாக இருக்குமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

காலைப்பற்றிய கவலை ஓய்ந்ததும் இன்னொன்று நடந்தது. முற்றத்தைச் சுற்றிவரும்போது அவள் காதில் என்னென்னவோ விழ ஆரம்பித்தன. சக்கரத்துக்கு அடியில் சரளைக் கல் நெரிவது. மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைக் கீழே வைப்பது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது. இத்தனை வருஷம் இதே முற்றத்தில் வந்து போயிருக்கிறாள், இதெல்லாம் இங்கே இருந்ததே தெரியாமல். கண்ணை விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டினாள்.

பட்டறைச் சுவரை ஒட்டித் திரும்பியபோது உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல கனத்த குரல். மிஷின் ஓட்டத்துக்கு இசைவாக ஏறி, இறங்கி, ஓரிடத்தில் நின்று நெளிந்து, அடடா, பாடத் தெரிந்தவர் பாடுகிற பாட்டு. யாரது புது ஆள் என்று அவள் தலையை நீட்டிப் பார்த்தாள். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவள் கணவர் குனிந்து ஒரு சீட்டைத் தைத்துக்கொண்டு, தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வீட்டில் உப்புப் போதவில்லை என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதர். எத்தனை காலமாகப் பாடிக்கொண்டிருக்கிறாரோ! தினமும் இதே சுவரை ஒட்டி அவள் தன் சத்தத்தைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஊருக்கெல்லாம் காதுக்காரி, எஞ்சினுக்குள் ஒரு பெல்ட் தளர்ந்தால் சொல்லிவிடுவாள், தாலி கட்டியவர் பாடுவார் என்று தெரியாது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவரிடம் அதைப்பற்றி அவள் மூச்சே விடவில்லை. சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

மூன்றாவது சோதனை நாள் வந்தது. டிப்போ ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய ரேடியோ இந்தத் தடவை கடைசி சீட்டைப் பிடித்து, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டான். காதுக்காரி தன் நீலப் பலகையைக் காலடியில் வைத்தாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, எடுத்துவிடச் சொன்னார். பயிற்சிக்குச் சரி, தெருவில் கூடாது. அது நகர்ந்து பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவளுக்குச் சண்டை போட வாய் துடித்தது, ஆனால் அவளும் டிரைவர்தானே. பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

கடைத்தெருவைத் தாண்டும்வரை அவளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்பதே பயமாக இருந்தது. முதல் ஸ்டாப் வந்தது. வலது கால் பிரேக்கை மெல்ல அழுத்தியது. இடது கால் கிளம்பியது. அவள் அதைத் தடுக்கவில்லை, போ என்று விட்டாள். அது வழக்கமான இடத்துக்குப் போய், பலகை இல்லாத வெறும் தரையை மிதித்து, அங்கேயே நின்றது. வண்டி தண்ணீரில் படகு ஒதுங்குவதுபோல நின்றது. பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள். இந்த வண்டியில் அதுவும் கேட்டது.

ஏற்றம் தொடங்கியது. பழைய வண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஏறின அதே பாதை. இது சும்மா ஏறியது. வெயிலுக்காக அவள் பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். சாலையோரத்து மரங்களில் இலை உரசுவது கேட்டது. ஒரு வீட்டு மாடியில் யாரோ துணியை உதறுவது கேட்டது. ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவு மோசமான வளைவு. ஒரு பக்கம் உயரமான மதில், அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று திரும்பும்வரை தெரியாது. நடைபாதையை வேறு அந்த வாரம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதை நெருங்கும்போது அவள் காதில் ஒன்று விழுந்தது. கீச், கீச் என்று எண்ணெய் காணாத சின்னச் சக்கரம். மதிலுக்கு அந்தப் பக்கம், மேலிருந்து கீழே வருகிறது. காய்ந்துபோன பேரிங். அது வருவதில்கூட அவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு கீச்சுக்கும் அடுத்த கீச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அதுதான் அவள் வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய விஷயம். வேகம் ஏறுகிறது. இறக்கத்தில் யாராலோ பிடித்து நிறுத்த முடியவில்லை.

அவள் யோசிக்கவில்லை. வலது கால் பிரேக்கில் இறங்கியது, இடது கால் வெறும் தரையில் இறங்கியது. வளைவுக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. யாரும் முன்னால் சாயக்கூட இல்லை. ஏன் நின்றோம் என்று யாருக்கும் புரியவில்லை. மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார், கேட்க வாயைத் திறந்தார். அப்போது மதில் முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் மடியில் மருந்துப் பையோடு ஒரு வயதான அம்மா. பின்னால் அவருடைய மகன், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு குதிகாலையும் தார்ச்சாலையில் ஊன்றி, இழுபட்டுக்கொண்டே வந்தார். நேராக பஸ்ஸின் பாதையில். நிற்கிற வண்டியைக் கண்டதும் அவர் தம் கட்டி நாற்காலியை ஒரு சுழற்றுச் சுழற்றினார். அது பக்கவாட்டில் வந்து, பம்பரில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்ற நினைப்பு எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் வந்துபோனது.

நாற்காலியில் இருந்த அம்மா பயந்ததாகவே தெரியவில்லை. தலைக்கு மேலே உயர்ந்து நின்ற கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்த வண்டி நிக்குதா, போகுதா? சத்தத்தையே காணோமே."

"நிக்குதும்மா," என்றாள் காதுக்காரி.

ரேடியோ கடைசி சீட்டிலிருந்து குதித்து ஓடினான். அவனும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார்கள். அந்த மகன் சாலை ஓரத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்காரிக்கு இடது காலில் கெண்டைச்சதை விண் விண் என்று வலித்தது. குனிந்து பார்த்தாள். கால் இன்னும் இல்லாத கிளட்சை அடிமட்டம்வரை மிதித்துக்கொண்டிருந்தது. நிமிரும்போது பக்கத்து சீட்டுக்குக் கீழே அவள் பார்வை போனது.

அங்கே மாஸ்டரின் இடது காலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஷூவின் முனை மடங்கும் அளவுக்கு, அவ்வளவு பலமாக.

அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். தன் காலையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் டீசலை விட்டு எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா? மறந்துடுச்சுன்னுதாங்க நெனச்சேன்."

"அது எங்க சார் மறக்குது," என்றாள் அவள். "நாமதான் அதுக்கு வேற எடம் காட்டணும் போல."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் அழுதாள், அவர் பார்க்காததுபோல மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டார். கேட்டது என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வண்டியில் காதுக்கு வேலையே இல்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவள் அவள்தான். டீசல் வண்டியாக இருந்திருந்தால் அந்தக் கீச்சு தனக்குக் கேட்டிருக்குமா என்று நினைத்துப் பார்த்தபோது, அந்த நினைப்பின் முடிவுவரை போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டிப்போவில் இறங்கும்போது மாஸ்டர் நீலப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டோர் ரூமுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். ரேடியோ அதற்குள் செய்தியை டிப்போ வாசலைத் தாண்டிக் கொண்டுபோயிருந்தான். அவன் சொன்ன கதையில் சக்கர நாற்காலி மூன்றாகப் பெருகியிருந்தது. சாயங்காலம் கணவரிடம் அவளே எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பலகையை வாங்கி, ஓரத்தில் பிரிந்திருந்த தையலை ஒரு தடவை தடவிப் பார்த்தார். கண்கள் பளபளத்தன. அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்கக்கூடாது.

மறு வாரம் அவள் ஆஸ்பத்திரி வண்டியை எடுத்தாள். காலை முதல் நடை, வண்டி காலி, ரேடியோ மட்டும் பின்னால் டிக்கெட்டுப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பட்டறைச் சுவரை ஒட்டி வளைந்தாள். தகரக் கதவு அதிரவில்லை. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே அந்தக் குரல். இன்றைக்கு வேறு பாட்டு. எத்தனை பாட்டு வைத்திருக்கிறாரோ இந்த மனிதர் என்று அவளுக்கு மூச்சு நின்றது. வலது கால் பிரேக்கில் மெல்ல இறங்கியது, இடது கால் தன் வெறும் தரையில் இறங்கியது. எந்த ஸ்டாப்பும் இல்லாத அந்த இடத்தில் பஸ் நின்றது.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்று பின்னாலிருந்து ரேடியோ கேட்டான்.

"சும்மா இருடா," என்றாள் காதுக்காரி. "கியர் மாத்துறேன்."